அண்டார்க்டிகாவில் தலை காயவைக்கப் போனேன்

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். காரைக்கால் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. துருவப் பகுதிக்குப் போகும் கப்பலில் பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களாம், அவளும் விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். எண்பதுகளிலேயே போய் வந்தவள் ஒருத்தி பாண்டிச்சேரியில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி என் எண்ணை வாங்கியிருக்கிறாள். என்ன உடுப்பு, என்ன சாப்பாடு, கைச்செலவுக்கு எவ்வளவு என்றெல்லாம் கேட்டுவிட்டு, போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "மேடம், பயமா இருக்குமா?"

இருக்கும் என்றேன். அதற்கு மேல் போனில் சொல்ல வரவில்லை. அதனால் அவளுக்காகவும், அவளைப் போல வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏதாவது காட்டவேண்டும் என்று கிளம்ப நினைக்கும் மற்ற ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் சொல்லும் கட்டணமும் வழியும் இன்றைக்கு உதவாது. மற்றது உதவும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. லாஸ்பேட்டை அரசு குடியிருப்பில் வீடு. பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அமுதா என்று ஒரு பெண். வரைபடம் என்றால் அவளுக்கு உயிர். துருவப் பகுதிகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்த அன்று எழுந்து நின்று, "அங்க போனவங்க யாராச்சும் நம்மூர்ல இருக்காங்களா டீச்சர்?" என்றாள். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். "அப்ப நீங்க போங்களேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த மாதமே தில்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து தொலைத்தது. விஞ்ஞானிகளோடு ஒரு பள்ளி ஆசிரியரையும் அழைத்துப் போவார்களாம், திரும்பி வந்து பிள்ளைகளுக்கு ஊக்கம் தரவேண்டுமாம். தலைமையாசிரியை அதைக் காலை வழிபாட்டில் படித்தார். படித்து முடிப்பதற்குள் என் வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியத்தில் விண்ணப்பம் போட்டேன். கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் கடலோர ஊரில் பிறந்தவள்தான், ஆனால் நீச்சல் தெரியாது. அரியாங்குப்பம் ஆற்றைத் தோணியில் தாண்டியதுதான் என் வாழ்நாள் கப்பல் பயணம். புயல் நாட்களில் கடற்கரைச் சாலைக் கல்லின் மேல் அலை ஏறி அடிப்பதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறவள். என் கணவர் இரண்டு நாளாக ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் ஸ்கூட்டரைத் துடைக்கிறார் என்றால் மனதுக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

கம்பளிக் கையுறை கேட்டு நேரு வீதியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். நவம்பர் மாத மழைப் புழுக்கத்தில் கையுறை கேட்டவளை அவர்கள் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இருபது டிகிரிக்குக் கீழே என் உடம்பு எதையும் பார்த்ததே இல்லை. தாங்குமா தாங்காதா என்று கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டாமா? பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது, மீனுக்கு ஐஸ் பாளம் போடுகிற இடம். அமுதாவின் அப்பா ஏழுமலை அங்கேதான் வேலை பார்த்தார். முன்பு பஞ்சாலையில் இருந்தவர். மில் மூடிக்கிடந்த காலத்தில் இங்கே வந்து, அப்படியே தங்கிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீன்காரர்களின் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். இரண்டு ஸ்வெட்டர், தலையில் மப்ளர். விஷயத்தைச் சொன்னதும் ஏழுமலை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐஸ் அடுக்கி வைக்கும் அறையைத் திறந்துவிட்டார். ஒரு சாண் தடிமனுக்கு மரக்கதவு.

"கதவ மூடிடுவேன் டீச்சர். தொறந்து வெச்சா ஐஸ் கரைஞ்சிடும், மொதலாளி திட்டுவாரு. போதும்னா தட்டுங்க, தொறக்கறேன்."

கதவு மூடியதும் இருட்டு. சுற்றிலும் பாளங்கள் லேசாக முனகுவது போல ஒரு சத்தம். குளிர் முதலில் காதில் ஏறியது, பிறகு பல்லில். அரை மணி நேரம் நிற்பது என்று முடிவு செய்துகொண்டு போனவள் நான். கொஞ்ச நேரத்தில் குளிர்கூடப் பெரிதாகத் தெரியவில்லை, அந்தக் கதவுதான் தெரிந்தது. வெளியே அவர் டீ குடிக்கப் போயிருந்தால்? நினைத்த உடனே இரண்டு கையாலும் கதவை அடிக்க ஆரம்பித்துவிட்டேன். கத்தினேன் என்றுகூட நினைக்கிறேன்.

அவர் அங்கேயேதான் நின்றிருக்கிறார். "இன்னா டீச்சர், கா மணி நேரங்கூட ஆவலியே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, கவலையாகச் சொன்னார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து டீ வாங்கி வரச் சொன்னார். நான் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுச்சு, அவ்ளோதான்" என்று சமாளித்தேன்.

அப்போதுதான் அமுதாவின் பேச்சு வந்தது. அவளுக்கு மேலே பூகோளம் படிக்க ஆசை. அதற்கு மெட்ராசில் ஒரு பெண்கள் கல்லூரி, ஹாஸ்டலில் தங்கவேண்டும். ஏழுமலைக்கு அதில் விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். நான் இரண்டு தரம் பேசிப் பார்த்தும் பிடி கொடுக்காதவர், அன்றைக்கு அவராகவே ஆரம்பித்தார்.

"அவ படிப்புல கெட்டின்னு எனக்கும் தெரியும் டீச்சர். ஒத்தப் பொண்ணு. தெரியாத ஊர்ல ராத்திரி காய்ச்சல் வந்தா யாரு இருக்கா? நெனச்சாலே எனக்குத் தூக்கம் போயிடுது." தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "ஒன்னு செய்றேன். நீங்க அம்மாந்தூரம் போறீங்க. நல்லபடியா போயிட்டு நல்லபடியா வாங்க. வந்துட்டீங்கன்னா எம்பொண்ணு மெட்ராஸ் போவட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நான் திரும்பி வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அதுவரை என் உயிருக்கு மட்டும் பயந்துகொண்டிருந்தேன். மார்க்கெட் வாசலில் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, என் கூடவே இன்னொருத்தியும் அந்தக் கப்பலில் ஏறுகிறாள் என்று புரிந்தது.

கப்பல் கோவாவிலிருந்து கிளம்பும். டிசம்பர் தொடக்கத்தில் நான் புறப்பட்டேன். லாஸ்பேட்டையிலிருந்து பேருந்து நிலையத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா, டிரங்குப் பெட்டியோடு சேர்த்து மூன்று ரூபாய். ரிக்‌ஷாக்காரர் பெட்டியின் கனத்தைப் பார்த்துவிட்டு, "பொறந்த ஊட்டுக்கா டீச்சர்? ரொம்ப நாளு தங்கறாப்ல இருக்கு" என்றார். பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த என் கணவரைப் பார்த்து அவராகவே ஏதோ சண்டை என்று முடிவு கட்டியிருக்கவேண்டும். இறங்கும்போது, "கோவத்த மனசுல வெச்சிக்காதீங்க, சீக்கிரமா வந்துடுங்க" என்று புத்தி சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு என் கணவர் முதன்முறையாகச் சிரித்தார். பஸ் கிளம்பும்போது அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, கட்டணம் முப்பது ரூபாய்க்குள். அங்கிருந்து கோவாவுக்கு இரவு பஸ், இன்னொரு அறுநூறு கிலோமீட்டர். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வந்தேன். இந்த வளைவுக்கே இப்படி என்றால் கடலில் என்ன ஆவேன் என்ற கேள்வி விடியும்வரை போகவில்லை.

கப்பல் சிவப்பு நிறம். வெளிநாட்டுக் கப்பல், பனியை உடைத்துக்கொண்டு போகத் தோதாகக் கட்டியது. எனக்கு அறைத்துணை வசுதா என்ற மராத்திப் பெண், பாறைகளை ஆராய்கிறவள். என்னைவிட நான்கு வயது இளையவள், அதற்கு முந்தைய பயணத்திலும் போய் வந்தவள். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். கோவாவிலிருந்து பனிக்கண்டத்தின் விளிம்புவரை சுமார் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், மூன்றரை வாரத்துக்கு மேல் ஆகும் என்று அவள்தான் சொன்னாள். முதல் இரண்டு வாரம் கடல் சமத்தாக இருந்தது. என்னடா இது, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று எனக்கே திமிர் வந்துவிட்டது.

தெற்கே நாற்பதாவது பாகையைத் தாண்டியதும் அந்தத் திமிர் இருந்த இடம் தெரியவில்லை. பத்து வருடமாக வரைபடத்தில் குச்சியை வைத்துச் சுட்டிக்காட்டிய அதே இடம்தான். இங்கே தடுக்க நிலம் இல்லாததால் காற்று பலமாக வீசும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த ஒரு வரி கப்பலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஜன்னலில் ஒரு நிமிடம் வானம், அடுத்த நிமிடம் பச்சைத் தண்ணீர். கட்டிலிலிருந்து இரண்டு தரம் உருண்டு விழுந்தபின், ஒரு நூல் புடவையை எடுத்து என்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வசுதா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் சாயங்காலம், "இன்னொரு புடவை இருக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இந்தப் பெண்ணைப் பார்த்தால் கடலுக்குப் பழகியவள் போல இருக்கிறாளே என்று அவளிடமே கேட்டேன், உனக்குப் பயமில்லையா என்று. "போன தடவை நான் இதைவிட அதிகம் வாந்தி எடுத்தேன்" என்றாள். அந்தப் பதில் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஏன் ஆறுதலாக இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஊர் திரும்பியபின் ஒரு தப்பைச் செய்யாமல் இருந்திருப்பேன்.

பனி வந்ததும் கடல் அடங்கியது. அந்த அமைதியும் எனக்குப் பிடிக்கவில்லை. பாண்டிச்சேரியில் காக்காய் கத்தும், ரேடியோ பாடும், மீன்காரி கூவுவாள். இங்கே சத்தம் என்று ஒன்றுமே இல்லை. ஒரு மரமோ வீடோ ஆளோ இல்லாததால் எது பக்கம், எது தூரம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கப்பலைப் பனி விளிம்பில் நிறுத்திவிட்டு எங்களை ஹெலிகாப்டரில் உள்ளே இருந்த மரக்குடிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறங்கியதும் எங்கள் குழுத் தலைவர் சொன்ன முதல் விதி: யாரும் சொல்லாமல் வெளியே போகக்கூடாது, தனியாகவும் போகக்கூடாது. இரண்டு அடிதானே என்று நினைக்கக்கூடாது. குடிலிலிருந்து எண்ணெய் டிரம்கள் அடுக்கியிருந்த இடம்வரை ஒரு கயிறு கட்டியிருந்தார்கள், காற்று கிளம்பினால் பிடித்துக்கொண்டு வருவதற்கு. நான் முதல் பெஞ்சு மாணவி போலத் தலையை ஆட்டினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது முடி இடுப்புக்குக் கீழே இருக்கும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்துப் பழகிய தலை. கப்பலில்கூட எப்படியோ சமாளித்தேன். குடிலில் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை வெட்டி வந்து அடுப்பில் உருக்கவேண்டும். மூன்று வெள்ளி பொறுத்துக்கொண்டேன். நான்காவது வெள்ளியன்று அரிப்புத் தாங்காமல், என் பங்குத் தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சுடவைத்துக் குளித்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் கல்லாகிக் கிடந்தது, அதையும் அடுப்பில் காட்டித்தான் தேய்த்தேன். அந்த சுகத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. ஊருக்கே போய் வந்தது போல இருந்தது.

வெளியே பார்த்தால் பளீரென்று வெயில். காற்றே இல்லை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தவள் வெயிலைப் பார்த்தால் என்ன செய்வாள்? துவட்டிக்கொண்டு காயவைக்கப் போவாள். நானும் போனேன். அவர்கள் கொடுத்த தடித்த கோட்டு ஒன்றை மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அறிவு இருந்தது. கையுறை போடவில்லை. வசுதாவுக்கு அன்று சமையல் முறை. உள்ளே பருப்பை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. விதியை மறக்கவில்லை, அதை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் வெளியே போவது என்றால் எங்காவது போவது. தலை காயவைப்பது எப்படி வெளியே போவது ஆகும்? நம்மூரில் மொட்டை மாடிக்குப் போகிறவள் யாரிடமாவது சொல்லிவிட்டா போகிறாள்?

டிரம் அடுக்கின் வெயில் படும் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதில் உட்கார்ந்து, முதுகை ஒரு டிரம்மில் சாய்த்து, முடியைப் பிரித்து டிரம்மின் மேல்மூடியில் பின்னால் விரித்துப் போட்டேன், மாடிச் சுவரில் விரித்துப் போடுவது போலவே. முகத்தில் வெயில் இதமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அன்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு என்று பிறகு சொன்னார்கள்.

முகத்தில் மணலை வாரி இறைத்தது போல இருந்ததும் கண்ணைத் திறந்தேன். பனித்தூள். வெயில் இல்லை, குடில் இல்லை, என் முழங்கால்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. சட்டென்று எழுந்தேன். யாரோ பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்தது போல மறுபடி உட்காரவைத்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினேன். முடி டிரம்மோடு ஒட்டி உறைந்திருந்தது, விறகு விறகாக. இழுத்தால் தலைத்தோல் வலித்ததே தவிர ஒரு இழை வரவில்லை. கயிறு எனக்கு இரண்டு கை தூரத்தில்தான் இருந்திருக்கவேண்டும். அது இருக்கும் திசைக்குத் தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, காற்று அவ்வளவு சத்தம். விரல்கள் முதலில் எரிந்தன, பிறகு எரிச்சல் நின்றுவிட்டது, நின்றதுதான் பயங்கரமாக இருந்தது. என் கணவர் ஸ்கூட்டரைத் துடைப்பது நினைவுக்கு வந்தது. உடனே அமுதா. "டீச்சரு போனாங்களே, இன்னா ஆச்சு பாத்தியா" என்று ஏழுமலை சொல்வது ஐஸ் கம்பெனிக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. தலை காயவைக்கப் போய்ச் செத்தாள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பெண்ணைச் சீக்கிரமாக யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

பெட்டியில் என் பக்கத்தில் என் அலுமினியச் சொம்பு கிடந்தது. குளித்த கையோடு கூடவே வந்துவிட்டது. அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, தலைக்குப் பக்கத்தில் டிரம்மில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். ஐஸ் கம்பெனிக் கதவை அடித்தது போலத்தான். அங்கே கதவுக்கு அந்தப் பக்கம் ஏழுமலை நின்றிருந்தார். இங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் அடித்தேன்.

வசுதா வந்தாள். காற்று கிளம்பியதும் ஆளை எண்ணியிருக்கிறாள், ஒன்று குறைந்திருக்கிறது. வாசலில் நின்று பார்த்தவளுக்குத் தகர சத்தம் கேட்டிருக்கிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ மராத்தியில் சொன்னாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து கத்தியை எடுத்து, கழுத்துக்கு நான்கு விரல் மேலே வைத்து என் முடியை அறுத்தாள். அறுக்கும்போது நறநறவென்று கேட்டது. உள்ளே போனபின் என் கைகளைத் தன் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு, பருப்பு அடிப்பிடித்து நாறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் கன்னத்தில் கண்ணீர் உறைந்திருந்ததை அவள்தான் சுரண்டி எடுத்தாள்.

மூன்று நாள் நான் வாசல் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் வசுதா கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு போனேன். டிரம்மில் என் முடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என் கேமராவை வாங்கி அவள் அதைப் படம் எடுத்தாள். அதன்பின் இருந்த நாட்களில் பென்குவின் பார்த்தேன், பனிமலை பார்த்தேன், நீலமாகவும் பச்சையாகவும் பனி இருக்கும் என்று பார்த்தேன். எல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

மார்ச் கடைசியில் ஊர் திரும்பினேன். பேருந்து நிலையத்தில், ஒட்ட வெட்டிச் சீராக்கியிருந்த என் தலையைப் பார்த்து என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை, கையில் இருந்த முல்லைப்பூவை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். தெருவில் மற்ற எல்லாரும் கேட்டார்கள். "திருப்பதியா டீச்சர்? வேண்டுதலா?" முதல் ஆளிடம் சும்மா தலையாட்டினேன். அது வசதியாக இருந்ததால் அதையே எல்லாரிடமும் வைத்துக்கொண்டேன். நல்லபடியாகத் திரும்பியதற்கு முடி கொடுத்தாள் என்று ஊர் நம்பியது. ஏழுமலை பள்ளிக்கே வந்து, "சொன்ன சொல்லு சொல்லுதான் டீச்சர். அமுதா போவட்டும்" என்றார்.

ஏப்ரலில் பள்ளி மண்டபத்தில், அங்கே எடுத்த படங்களை ஸ்லைடு என்கிற சின்னப் படவில்லைகளாகத் திரையில் போட்டுக் காட்டினேன். பரீட்சை முடித்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களும் வந்திருந்தார்கள். டிரம் படத்தை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டேன். கடல் கொந்தளித்ததா என்று கேட்டார்கள், தொட்டில் மாதிரி இருந்தது என்றேன். பயமாக இருந்ததா என்று கேட்டார்கள், பயந்தால் உலகத்தைப் பார்க்க முடியுமா என்று ஒரு போடு போட்டேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஊக்கம் தரத்தானே போனோம், கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேயில் பரீட்சை முடிவு வந்தது. அமுதாவுக்கு நல்ல மதிப்பெண். அந்த வாரமே ஏழுமலை ஆள் அனுப்பினார், கொஞ்சம் கம்பெனிப் பக்கம் வரமுடியுமா என்று. போனேன். அமுதா அந்தப் பழைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது.

"போவ மாட்டேங்குது டீச்சர். நான் சரின்னுட்டேன், இப்ப இது மாட்டேங்குது. நீங்களே கேளுங்க."

கேட்டேன். ஸ்டூலின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "மெட்ராஸ நெனச்சாலே எனக்குக் கைகாலெல்லாம் நடுங்குது டீச்சர். ஹாஸ்டல்ல யாரையும் தெரியாது. நீங்க எம்மாந்தூரம் போனீங்க, உங்களுக்கு ஒரு சொட்டு பயம் இல்ல. எனக்கு இந்த நூத்தறுவது கிலோமீட்டருக்கே இப்டி இருக்கு. நான் அதுக்கெல்லாம் லாயக்கு இல்ல."

டிரம்மில் மாட்டிக்கொண்டபோது இருந்த பயம் மறுபடி எனக்கு வந்தது. அங்கே செத்திருந்தால் மூடியிருக்கும் கதவை, உயிரோடு வந்து என் வாயாலேயே சாத்திவிட்டேன். இருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நின்ற முதல் ரிக்‌ஷாவில் ஏறி வீட்டுக்குப் போய் அந்தப் படவில்லையை எடுத்துக்கொண்டு வந்தேன். டியூப்லைட் பக்கமாகத் தூக்கிப் பிடித்து, பாரு என்றேன்.

அமுதா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "செவப்பா ஒரு டிரம்மு. அது மேல கறுப்பா இன்னாது டீச்சர்?"

"என் முடி."

எல்லாவற்றையும் சொன்னேன். புடவையால் கட்டிக்கொண்டதை, எண்ணெய்க் குளியலை, சொம்பை. ஏழுமலை வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார். அந்த வில்லையை வாங்கி வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப திருப்பதி இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "இத ஏன் டீச்சர் ஸ்கூல்ல சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

அமுதா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுதீங்களா?"

"அழுதேன். கப்பல்லயும் அழுதேன், அங்கயும் அழுதேன்."

"அதுக்கப்புறம் வெளிய போனீங்களா?"

"மூணு நாள் போவல. நாலாம் நாள் வசுதா கையப் புடிச்சிக்கினு போனேன். பயம் போவல. பயத்தோடதான் பென்குவினைப் பாத்தேன்."

"எனக்கு அங்க யாரு கை கெடைக்கும்?"

"தெரியாது அமுதா. கப்பல் ஏறும்போது எனக்கும் வசுதாவத் தெரியாது."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, படவில்லையை அப்பாவிடமிருந்து வாங்கி இன்னொரு தரம் பார்த்தாள். அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று கேட்டாள்.

காரைக்கால் டீச்சருக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். தலையை நனைத்துக்கொண்டு வாசல் தாண்டாதே. முடி நீளமாக இருந்தால் போகும் முன்னமே குட்டையாக வெட்டிக்கொள். இரண்டு அடி என்றாலும் சொல்லிவிட்டுப் போ. உனக்கு வீட்டு வழக்கமாகத் தெரிவது எதுவோ, அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். ஒரு நூல் புடவை எடுத்துக்கொள், கட்டிலுக்கு உதவும். உடுப்பெல்லாம் அவர்களே கொடுப்பார்கள், கம்பளிக் கையுறைக்கு நேரு வீதியில் அலைய வேண்டாம். படம் எடுத்தால் நீ நடுங்கிய இடத்தையும் எடு. திரும்பி வந்து பிள்ளைகளுக்கு அதை முதல் படமாகப் போடு. பென்குவினை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்வார்கள்.

ஜூனில் அமுதாவை வழியனுப்ப நானும் பேருந்து நிலையத்துக்குப் போனேன். மெட்ராஸ் பஸ், திண்டிவனம் வழி, நான்கு மணி நேரம். அப்பாவும் கூடப் போய் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸின் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் தன் முகத்தைப் பார்த்துவிடக்கூடாது என்பது போல. பஸ் நகர்ந்ததும் அமுதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"டீச்சர், பயமா இருக்கு!"

"எனக்குந்தான்!" என்று நானும் கத்தினேன்.

அவள் சிரித்துவிட்டாள். பஸ் திரும்பி மறையும்வரை அழுதுகொண்டே சிரித்தாள்.